யாரிடம் கேட்கிறோம்? பள்ளிப் பிள்ளைகளுக்கு வாத எழுத்து: கேள்வி பதில்

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்கு வாதிட்டு எழுதக் கற்றுக்கொடுப்பது பற்றி வந்த கேள்விகளும், தமிழாசிரியை ஒருவரின் பதில்களும்.

கேள்வி (ஆறாம் வகுப்பு ஆசிரியை, திண்டுக்கல்): அம்மா, 'மரம் வளர்ப்போம்' என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பது பிள்ளைகளும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். இரண்டு பத்தியைத் தாண்டுவதே இல்லை. என்ன செய்வது?

பதில்: குறை பிள்ளைகளிடம் இல்லை, தலைப்பில் இருக்கிறது. மரம் வளர்க்கக் கூடாது என்று யாராவது சொல்கிறார்களா? மறுக்க ஆளில்லாத இடத்தில் எதை வாதிடுவது? பாடப்புத்தகத்தில் படித்த நான்கு வரியைத் திருப்பி எழுதத்தான் தோன்றும்.

அதே மரத்தை வைத்தே தலைப்பை மாற்றுங்கள். 'பள்ளி மைதானத்தின் மேற்கு ஓரத்தில் ஆறு வேப்பங்கன்று நட அனுமதி வேண்டும்' என்று தலைமையாசிரியருக்கு எழுதட்டும். உடனே மறுப்புகள் கிளம்பும். அங்கேதானே கபடி ஆடுகிறோம்? வேர் மதில்சுவரைப் பிளந்துவிடாதா? மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது? ஆடு மேய்ந்துவிட்டால்? இந்தக் கேள்விகள் வந்துவிட்டால் போதும், எழுதுவதற்குச் சரக்கு கிடைத்துவிடும்.

எந்தத் தலைப்பையும் கரும்பலகையில் எழுதும் முன் மூன்றைக் கேட்டுப் பாருங்கள். இதை யார் படிப்பார்? கேட்பதைச் செய்யும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா? 'முடியாது' என்று சொல்ல அவருக்கு நியாயமான காரணம் ஒன்றாவது இருக்கிறதா? மூன்றுக்கும் விடை இருந்தால்தான் அது வாதத் தலைப்பு.

ஊராட்சிப் பகுதிப் பள்ளி என்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று காத்திருக்கிறது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மே 1 கோடை விடுமுறையில் போய்விடும். மற்ற ஐந்தில் ஒன்றைக் குறித்துக்கொண்டு மூன்று வாரம் முன்பே எழுத ஆரம்பியுங்கள். வகுப்பு எழுதிய மனுவைப் பெற்றோர் ஒருவர் சபையில் கொடுக்கலாம். தான் எழுதியதை ஊர் கேட்கப்போகிறது என்று தெரிந்தால், பிள்ளை தானாகவே மூன்று முறை திருத்தும்.

கேள்வி (எட்டாம் வகுப்பு ஆசிரியர், விழுப்புரம்): ஒரு பாடவேளை 40 நிமிடம். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் இல்லை. எழுதும் படிநிலைகளை எப்படி நடத்துவது?

பதில்: இரண்டு வாரத்தில் ஐந்து பாடவேளை ஒதுக்குங்கள். பருவத்துக்கு இப்படி ஒரே ஒரு எழுத்துப் பயிற்சி போதும். மாதம் நான்கு கட்டுரையை அவசரமாக எழுத வைப்பதைவிட இது பலன் தரும்.

முதல் பாடவேளையில் நோட்டைத் திறக்கவே வேண்டாம், பேச்சு மட்டும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் கேட்க, மற்றவர் மறுக்க, மூன்று நிமிடம் கழித்து இடம் மாறிக்கொள்ளட்டும். மறுத்துப் பேசிய பிள்ளைக்குத்தான் எதிர்த்தரப்பு புரியும், அதனால் இடம் மாறுவதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது பாடவேளைக்குத் துண்டுச்சீட்டு. ஒரு சீட்டில் ஒரு காரணம் என்று ஆளுக்கு ஆறு எழுதட்டும். பிறகு சீட்டைத் திருப்பி, 'இது எனக்கு எப்படித் தெரியும்?' என்பதற்கு விடை எழுதச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததா, எண்ணிப் பார்த்ததா, விவரம் அறிந்த ஒருவரிடம் கேட்டதா? பின்பக்கம் காலியாக நிற்கும் சீட்டை ஒதுக்கிவிட வேண்டும். பெரும்பாலும் மூன்று மிஞ்சும், அது போதும். அவற்றை மேசையில் நகர்த்தி வரிசை பார்க்கட்டும். வலுவான காரணம் கடைசியில், அடுத்த வலு முதலில், மெலிந்தது நடுவில்.

மூன்றாவதில் வரைவு. 25 நிமிடம், ஒரு வரி விட்டு ஒரு வரி, அழிப்பான் கூடாது, பிடிக்காததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போகலாம். நான்காவதில் பக்கத்துப் பிள்ளை வரைவை வாய்விட்டுப் படிக்க, எழுதிய பிள்ளை கேட்டபடியே திருத்தும். ஐந்தாவதில் செம்மைப்படி, அதாவது திருத்தியதைப் புதிதாகத் தெளிவாக எழுதுவது.

எங்கே தவறுகிறது என்றால், நேரம் போதவில்லை என்று மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஒன்றாக்கிவிடுவதில்தான். வரைவே கடைசிப் படி என்று தெரிந்தால் பிள்ளை அடிக்கப் பயப்படும். எழுதத் தெரிந்த சொல்லை மட்டும் எழுதும், நினைத்ததை விட்டுவிடும். நேரம் குறைந்தால் ஐந்தாவதை வீட்டுக்குக் கொடுங்கள். மூன்றாவது வகுப்பில்தான் நடக்க வேண்டும்.

கேள்வி (ஆசிரியர், கடலூர்): வாத எழுத்துக்கு 50 தலைப்புகள் பட்டியலாகத் தர முடியுமா?

பதில்: தர மாட்டேன். உங்கள் பள்ளியைச் சுற்றி ஒருமுறை பிள்ளைகளோடு நடந்து வாருங்கள், பத்துக் கிடைக்கும்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை, தஞ்சாவூர்): எங்கள் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பக் கடிதத்தில் வடிவம் எல்லாம் சரி. அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, எதிலும் குறை இல்லை. ஆனாலும் உயிர் இல்லை. எதைத் திருத்தச் சொல்வது?

பதில்: நடுப்பத்தியை. நீங்கள் சொல்வது இந்த மாதிரிப் பத்தியைத்தான் என்று நினைக்கிறேன்:

'எங்கள் ஊருக்குப் பேருந்து வசதி மிகவும் குறைவாக உள்ளது. இதனால் மாணவர்கள் எண்ணற்ற இன்னல்களுக்கு ஆளாகின்றனர். ஆகவே கூடுதல் பேருந்து இயக்கித் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.'

போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் இதைப் படித்து என்ன செய்வார்? எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு, எந்த வண்டி? ஒன்றும் இல்லை. 'மிகவும்', 'எண்ணற்ற', 'பல்வேறு' போன்ற சொற்கள் எங்கே வந்தாலும் வட்டமிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பதிலாக ஓர் எண்ணோ, நேரமோ, இடமோ வர வேண்டும். அப்போது இப்படி ஆகும்:

'காலை 7.20 பேருந்தை விட்டால் அடுத்தது 9.40-க்குத்தான். பள்ளி 9.15-க்குத் தொடங்குகிறது. எங்கள் ஊரிலிருந்து 34 பேர் படிக்கிறோம். 7.20-க்கு வருபவர்கள் பள்ளிக் கதவு திறக்கும்வரை வெளியே நிற்கிறோம். 9.40 வண்டியை 8.30-க்கு மாற்றினால் புது வண்டி தேவைப்படாது.'

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மேலாளரின் முதல் மறுப்பு 'வண்டி இல்லை' என்பதாகத்தான் இருக்கும். அதற்கான விடை அவர் கேட்கும் முன்பே வந்துவிட்டது. யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்தால்தான் இந்த வாக்கியம் பிறக்கும்.

ஒரு எச்சரிக்கை. எண் வேண்டும் என்றதும் பிள்ளைகள் கற்பனையாக எண் போடுவார்கள். 34 என்றால் 34 பெயரும் வரைவின் பின்பக்கம் இருக்க வேண்டும். பொய் எண்ணை ஒருமுறை விட்டால் அதையே எழுத்து என்று பழகிவிடுவார்கள்.

கேள்வி (பயிற்சி ஆசிரியர், சேலம்): எதிர்க்கருத்தை எழுத வைத்தால் பிள்ளைகள் குழம்பி, எதிர்த்தரப்புக்கே வலுச் சேர்த்துவிடுகிறார்கள். அதை விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. வாத எழுத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இதற்கு வழி தேடித் தமிழுக்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம், அதாவது நூல் எழுதுபவர் கொள்ளும் ஏழு வகைக் கொள்கை, சொல்லும்போது 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே' என்று ஒன்றைச் சொல்கிறார். பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு களைவது. ஏற்பது முதலில், களைவது பின்பு. உங்கள் பிள்ளைகள் ஏற்பதோடு நின்றுவிடுகிறார்கள், அதுதான் குழப்பம்.

மூன்று வாக்கியத்துக்குள் முடிக்கப் பழக்குங்கள். மேலே சொன்ன பேருந்தையே எடுத்துக்கொள்வோம். '9.40 வண்டியில் பெரியவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பது உண்மை.' இது ஏற்பு. 'ஆனால் 8.30 வண்டி அவர்களைப் புறநோயாளிச் சீட்டு வரிசைக்கு இன்னும் முன்னதாகவே கொண்டு சேர்க்கும்.' இது களைவு. 'ஆகவே நேர மாற்றம் இரு தரப்புக்கும் உதவும்.' இது தன் பக்கம் திரும்புவது. 'உண்மை', 'ஆனால்', 'ஆகவே' என்ற மூன்று சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் ஏழாம் வகுப்பே செய்யும்.

மறுப்பை மெலிந்ததாகத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். 'சிலர் கல்வி தேவையில்லை என்பார்கள்' என்று யாரும் சொல்லாததை எழுதி மறுப்பதில் ஒன்றுமில்லை. முதல் பாடவேளையில் எதிரே உட்கார்ந்த பிள்ளை உண்மையாகவே சொன்ன மறுப்பைத்தான் எழுத வேண்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை): முதல் வரைவைப் பேச்சுத்தமிழில் எழுத விடலாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். ஒற்றுப்பிழையையும் கண்டுகொள்ள வேண்டாமாம். எட்டாம் வகுப்பில் 'பஸ்ஸு லேட்டா வருது' என்று நோட்டில் எழுதும் பிள்ளை பத்தாம் வகுப்பில் என்ன எழுதும்? தங்கள் கருத்து என்ன அம்மா?

இடையில் ஒரு பதில் (நடுநிலைப்பள்ளி ஆசிரியை, கோவை): ஐயா, எங்கள் வகுப்பில் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளும் உண்டு. முதல் வரியிலேயே 'தாமதமாக வருகிறது' என்று கேட்டால் பேனாவையே எடுக்க மாட்டார்கள். முதலில் சொல்லட்டும், பிறகு மாற்றலாம்.

மதுரை ஆசிரியர்: 'பிறகு' என்பது வருவதே இல்லை அம்மா. நான் சொல்வது அதைத்தான்.

பதில்: ஐயா, உங்கள் கவலை முழுக்க நியாயமானது. 'பிறகு' வராவிட்டால் நீங்கள் சொன்னபடிதான் முடியும். ஆனாலும் நான் கோவை ஆசிரியை பக்கம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வரைவில் பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: என்ன சொல்வது என்று யோசிப்பது, அதை எழுத்துத் தமிழில் வைப்பது. இரண்டும் ஒன்றாக வரும்போது முதலாவதுதான் விட்டுப்போகும். 'நாங்க லேட்டா போனா பிரேயர்ல நிக்க விடமாட்டாங்க' என்று எழுதும் பிள்ளையிடம் ஒரு காரணம் இருக்கிறது. அதே பிள்ளையை எழுத்துத் தமிழில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றால் 'பேருந்து மக்களுக்கு மிகவும் பயனுள்ளது' என்று எழுதும். பிழையே இல்லை, காரணமும் இல்லை.

ஆகவே ஒரு நிபந்தனையோடு விடலாம். நான்காவது பாடவேளையில் மாற்றியே தீர வேண்டும், அதுவும் வரிக்கு வரி. விட்ட வரியில் எழுத்துத் தமிழ் வரட்டும். அதற்காகத்தான் ஒரு வரி விட்டு எழுதச் சொன்னது.

ஒற்றுப்பிழையைப் பொறுத்தவரை, ஓர் எழுத்துப் பயிற்சிக்கு ஒரு விதி. முதல் பருவத்தில் ஐ உருபும் கு உருபும் வெளிப்படையாக வரும் இடம் மட்டும்: 'பேருந்தைப் பிடிக்க', 'பள்ளிக்குச் செல்ல'. அடுத்து க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். கடிதத்தில் இவை இரண்டும்தான் அடிக்கடி வரும். அடுத்த பருவத்தில் 'என', 'ஆக' என்று முடிபவை. எல்லாப் பிழையிலும் சிவப்பு மை போட்டால் பிள்ளை எதையும் பார்க்காமல் நோட்டை மூடிவிடும்.

மதுரை ஆசிரியர்: நிபந்தனையோடு என்றால் ஏற்கிறேன். ஆனால் பேச்சுத்தமிழ் வரைவு தேர்வு நோட்டில் வேண்டாம். தனித்தாளில் இருக்கட்டும்.

பதில்: சரி ஐயா. செம்மைப்படியோடு அந்தத் தாளையும் சேர்த்துத் தைத்து வைத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி (ஆசிரியர், நாமக்கல்): ஒன்பதாம் வகுப்புக்கு நல்ல தலைப்புகள் சொல்லுங்கள் அம்மா.

பதில்: மேலே கடலூருக்குச் சொன்னதுதான். யார் படிப்பார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், தலைப்புத் தானே வரும்.

கேள்வி (பெற்றோர், ஈரோடு): ஆங்கிலக் கட்டுரைக்கும் இதே முறை ஆகுமா?

பதில்: துண்டுச்சீட்டு வரை ஆகும். வாக்கியம் அமைப்பதை உங்கள் பிள்ளையின் ஆங்கில ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி (பெற்றோர், திருநெல்வேலி): மகள் பத்தாம் வகுப்பு. தேர்வில் இதெல்லாம் எழுதினால் மதிப்பெண் வருமா? மனப்பாடக் கட்டுரைதானே பாதுகாப்பு?

பதில்: வினாத்தாளில் குறிப்புகள் கொடுத்திருந்தால் அந்த வரிசையை மீறக் கூடாது. ஒவ்வொரு குறிப்பின் கீழும் ஒரு காரணம், ஒரு சான்று வைத்தால் போதும். மனப்பாடம் செய்த கட்டுரையில் தலைப்பு சற்று மாறினாலும் பாதிப் பக்கம் பொருந்தாமல் போகும். குறள் மேற்கோள் ஒன்று போதும், அதுவும் சொல்லும் கருத்துக்குப் பொருந்தினால் மட்டும்.

கேள்வி (ஆசிரியை, காஞ்சிபுரம்): பிள்ளைகள் கைபேசிச் செயலியிடம் கேட்டுக் கட்டுரை வாங்கி வருகிறார்கள். எப்படித் தடுப்பது?

பதில்: துண்டுச்சீட்டும் வரைவும் வகுப்பிலேயே நடந்தால் தடுக்க வேண்டிய தேவை பெரிதாக வராது. உங்கள் ஊர்ப் பேருந்துக்காக எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்று அந்தச் செயலிக்குத் தெரியாது.

கேள்வி (ஆசிரியர், புதுக்கோட்டை): 45 நோட்டு. எப்படித் திருத்தி மதிப்பெண் போடுவது?

பதில்: எல்லாவற்றையும் நீங்களே திருத்த வேண்டாம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளையே முதலில் தேடச் சொல்லுங்கள்: கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். முதலாவதுக்கு அடிக்கோடு, இரண்டாவதுக்கு வட்டம், மூன்றாவதுக்கு ஓரத்தில் அம்புக்குறி. முடிவு தேய்ந்துபோவதுதான் அதிகம் கிடைக்கும். கேட்க வந்ததை விட்டுவிட்டு 'நாட்டை வளமாக்குவோம்' என்று முடிந்திருக்கும். கடைசி வாக்கியத்தில் என்ன, எப்போது, யார் செய்ய வேண்டும் என்பது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அதன் பிறகு நோட்டு உங்களிடம் வரட்டும். 20 மதிப்பெண்ணில் காரணமும் சான்றும் 8, எதிர்வாதம் 4, வரைவிலிருந்து செம்மைப்படிக்கு வந்த மாற்றம் 4, அந்தப் பருவத்தின் ஒற்று விதி 2, வடிவம் 2. வரைவுத் தாள் இணைக்காத நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.