ரேவ் பயிற்சிக் கிராமத்தில் பி.ஆர்.ஏ. செய்யும்போது எதில் கவனம் வேண்டும்?

கேட்டவர் பி.எஸ்சி. வேளாண்மை ஏழாம் பருவ மாணவர். ரேவ் எனப்படும் கிராமத் தங்கல் பயிற்சியில் பி.ஆர்.ஏ., அதாவது ஊர்மக்களே வரைந்தும் பேசியும் தங்கள் ஊர் நிலையை ஆராயும் பங்கேற்பு முறை, எப்படிச் செய்வது என்கிறார்.

கோலப்பொடி ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டும். சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவுமாகப் போனால், படித்த இரண்டு பேர் முன்னால் வருவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மண் தரையில் கோலப்பொடி, செங்கல் தூள், புளியங்கொட்டை வைத்து வரையச் சொன்னால் பாட்டிமார்கூடக் குனிந்து திருத்துவார்கள்.

காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் போயிருப்பார்கள். மாலை ஐந்துக்கு மேல் சரி. வீடுகளையும் தெருக்களையும் காட்டும் சமூக வரைபடத்தை ஊர்த்தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் மட்டும் போட்டால் பாதி ஊர் விடுபட்டுப்போகும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது பருவ நாட்காட்டிக்கு. சித்திரையில் தொடங்கிப் பன்னிரண்டு கட்டம். மழை, விதைப்பு, அறுவடை, கூலி வேலை, தீவனம், கடன் என்று வரிசைகள். மில்லிமீட்டர் கேட்க வேண்டாம். அதிகம் மழை பெய்யும் மாதத்துக்கு 10 கொட்டை வைத்து, மற்ற மாதங்களை அதோடு ஒப்பிட்டு வைக்கச் சொல்லுங்கள். பிறகு கடன் வரிசையை விதைப்பு வரிசையோடு சேர்த்துப் படியுங்கள்: நகை அடகுக்குப் போகும் மாதம் தெரிந்துவிடும். உங்கள் செயல்விளக்கத்தின் தேதியையும் இதைப் பார்த்தே வையுங்கள். விதைப்பு முடிந்தபின் விதைநேர்த்தி செய்துகாட்டி யாருக்கும் பயனில்லை.

குறுக்கு நடை என்பது ஊரைக் குறுக்காக நடந்து நிலத்தைப் பார்த்துக் குறிப்பது. அதைத் தார்ச்சாலை ஓரமாக நடந்து முடித்துவிடுகிறார்கள், அது தவறு. மேட்டிலிருந்து பள்ளம்வரை, மூன்று நான்கு விவசாயிகளோடு நடங்கள். மண் நிறம், பயிர், களை, கிணற்று நீர்மட்டம் மாறும் இடங்களில் நின்று குறியுங்கள். நில அளவை அவர்கள் வழக்கிலேயே கேளுங்கள். டெல்டாவில் மா கணக்கு, 3 மா ஏறத்தாழ 1 ஏக்கர்.

ஊருக்கும் அமைப்புகளுக்கும் உள்ள உறவைக் காட்டும் வென் படத்துக்கு வட்ட அட்டைகள் போதும்: முக்கியமான அமைப்புக்குப் பெரிய அட்டை, எளிதில் அணுக முடிவதற்கு ஊருக்குப் பக்கத்தில் இடம். வேளாண் விரிவாக்க மையம் தள்ளியும் உரக்கடை ஒட்டியும் வந்தால் நீங்கள் நகர்த்தாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். அறிக்கையில் எழுத வேண்டியது அந்தப் பதில்தான்.

தரையில் வரைந்ததை அங்கேயே படம் எடுத்து, அன்றைக்கே தாளில் பிரதி எடுங்கள். வடக்குத் திசை, தேதி, நேரம், வந்தவர்களில் ஆண் பெண் எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள். இன்னொரு பிரதியை ஊரில் கொடுத்துவிட்டு வாருங்கள், வரைந்தவர்கள் அவர்கள்.