‘நல்லா இருக்கு தம்பி’ என்பது ஆர்டர் இல்லை

கேள்வி: எனக்கு 33 வயது. கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நாலேகால் வருடமாக வேலை. திருப்பூர் பனியன் யூனிட்டுகளுக்காக, எந்த ஜாப் ஒர்க்கில் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலையில்) எத்தனை கிலோ துணி நிற்கிறது என்று கணக்கு வைக்கும் ஆப் ஒன்று செய்திருக்கிறேன். தெரிந்தவர்களின் மூன்று யூனிட்டுகளில் ஆறு மாதமாக இலவசமாக ஓடுகிறது. சேமிப்பு 7 லட்சம். இஎம்ஐயோடு சேர்த்து வீட்டுச் செலவு மாதம் 52,000, மனைவி சம்பளம் 18,000. எப்படியும் 20 மாதம் தாங்கும். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம்.

ஆப் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. சாயம் போட டையிங்குக்குப் போன துணி திரும்பும்போது எடை குறைந்துதான் வரும். அதில் எவ்வளவு நியாயமான பிராசஸ் லாஸ், எவ்வளவு வேறு கணக்கு என்பதை இன்றும் பல யூனிட்டுகளில் டிசி புத்தகத்தை (துணியோடு அனுப்பும் டெலிவரி சலான்) புரட்டித்தான் பார்க்கிறார்கள். தேவை இருக்கிறது. அதற்குக் காசு கொடுப்பார்களா என்பதுதான் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இலவசமாக ஓடிய ஆறு மாதம் அதற்குப் பதில் சொல்லாது.

அந்த மூன்று பேரிடமும் போய், அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து மாதம் 1,500 ரூபாய் என்று சொல்லுங்கள். “நல்லா இருக்கு தம்பி, செய்யுங்க, அப்புறம் பார்க்கலாம்” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினால் அது மரியாதை. ஜிபேயில் பணம் விழுந்தால்தான் ஆர்டர். முன்பின் தெரியாத யூனிட்டுகளிலும் இதையே கேட்டுப் பாருங்கள்.

ஆனால் காசு வாங்குவதற்கு முன் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது வேறு தொழில் கூடாது, எழுதும் கோடெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்ற வரிகள் பெரும்பாலும் இருக்கும். எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். மனைவி பெயரில் நடத்தலாமே என்று யாராவது சொல்வார்கள். கோடு எழுதியது நீங்கள் என்றால் பெயரை மாற்றிப் பயனில்லை. கம்பெனி லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். வேலையை விட்ட பிறகு போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை மட்டும் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது.

அடுத்து அந்த 20 மாதக் கணக்கு. மாதம் துண்டு விழுவது 34,000. வகுத்தால் 20 வருவது சரிதான். ஆஸ்பத்திரி, அவசரம் என்று 2 லட்சம், சர்வர், பெட்ரோல், ஆடிட்டர் என்று ஒன்றரை லட்சம் ஒதுக்கிப் பாருங்கள். மிச்சம் மூன்றரை லட்சம், அதாவது பத்து மாதம். அந்தத் துண்டை ஆப் வருமானமே அடைக்க 23 யூனிட் வேண்டும். அதில் பாதியளவு, 12 யூனிட் மூன்று மாதம் விடாமல் கட்டினால், மீதியைச் சேமிப்பு தாங்கும் என்று பேப்பர் போடலாம் (ராஜினாமா செய்யலாம்) என்பது என் கணக்கு.

அதற்குள் ஒன்பது மாதம் ஓடினால் கிராஜுவிட்டிக்கான (பணிக்கொடை) ஐந்து வருடமும் முடிந்துவிடும். அடிப்படைச் சம்பளம் 40,000 என்று வைத்தால் சுமார் 1,15,000 ரூபாய். உங்கள் வீட்டுக்கு அது மூன்று மாதத் துண்டுக்கும் மேல்.

கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் குடும்பத்துக்கு இப்போதே தனி பாலிசி எடுங்கள். கடன் ஏதாவது தேவை என்றாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனியை விட்டு 2010-இல், வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அவர் வேலையை விட்டதுதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அதற்கு முன் வருடக்கணக்கில் அதே மாதிரி மென்பொருளோடு புழங்கியதை யாரும் சொல்வதில்லை. 2014-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலும், வேலையில் இருந்தபடியே தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு வந்தவர்கள் தொழிலை மூடும் வாய்ப்பு, நேரே குதித்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் மனைவி 18,000 என்ற எண்ணாக மட்டும்தான் வருகிறார். அந்தப் பத்து மாதக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். பதினோராவது மாதம் என்ன செய்வது என்பதை இருவரும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.