மேப்பிள் சாறு காய்ச்சும் தட்டு: மிதவைக்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு காணி வாங்கியிருக்கிறோம். அதில் சீனி மேப்பிள் மரங்கள் நிறைய நிற்கின்றன. வருகிற பெப்ரவரி கடைசியில் 60 மரங்களில் துளை போட்டு, பாணி காய்ச்சிப் பார்க்க ஆசை. விறகில் எரியும், 2 அடிக்கு 4 அடி தட்டையான தட்டு உள்ள எவாப்பரேற்றர் (சாற்றை ஆவியாக்கிப் பாணி காய்ச்சும் அடுப்பு) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வெறும் தட்டுக்கு ஒரு விலை. உள்ளே தடுப்புகளும், சாறு குறையக் குறையத் தானே திறந்து விடும் மிதவை வால்வும் வைத்ததற்குக் கூடின விலை. சாற்றை வாளியால் ஊற்றிக்கொண்டால் போதாதா? தட்டில் சாறு எவ்வளவு உயரம் நிற்க வேண்டும்?

பதில்: மிதவை உள்ளதையே வாங்குங்கள். வேறு எதில் காசு மிச்சம் பிடித்தாலும் இதில் வேண்டாம்.

காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். உங்கள் தட்டு 8 சதுர அடி. அதில் 1 அங்குல உயரத்துக்குச் சாறு நின்றால் மொத்தமே 19 லீற்றர்தான். தட்டையான தட்டில் நல்ல நெருப்பு போட்டால், சதுர அடிக்கு மணிக்கு 1 அமெரிக்கக் கலன் வரை ஆவியாகும். உங்கள் தட்டில் அது மணிக்கு ஏறக்குறைய 30 லீற்றர். அதாவது சாறு வருவது நின்றுபோனால் 40 நிமிடத்துக்குள் தட்டு வறண்டுவிடும். உண்மையில் அவ்வளவு நேரமும் கிடைக்காது. பாணி எடுக்கும் பக்கத்தில் இருப்பது ஏற்கெனவே தடித்த சாறு, அது முதலே அடிப்பிடித்துக் கருகும். தகடும் வளைந்துவிடும். விறகு நெருப்பை வாயுவடுப்புப் போலச் சட்டென்று அணைக்கவும் முடியாது.

வாளியால் ஊற்றுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குளிர்ந்த சாற்றை ஒரேயடியாக ஊற்றினால் கொதி அடங்கிவிடும், திரும்பக் கொதிக்கும்வரை விறகு வீண். மிதவையோ நூல் போல விட்டுக்கொண்டே இருக்கும். தடுப்புகளின் பயனும் அதோடு சேர்ந்ததுதான். ஒரு மூலையில் சுமார் 2 சதவீத சீனியோடு புகுகிற சாறு, தடுப்புகளைச் சுற்றி நகர நகரத் தடித்து, மறுமூலைக் குழாயருகே பாணியாகிறது. இடையில் வாளியால் ஊற்றினால் அந்த வரிசை குலைந்து எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

சரி, உயரம். முதல் வருடம் 2 அங்குலத்தில் வையுங்கள். கை பழகியபின் ஒன்றரை, பிறகு வேண்டுமானால் 1 அங்குலம். அதற்குக் கீழே போக வேண்டாம். பயந்துபோய் 4 அங்குலம் நிரப்புவதும் நல்லதல்ல. சாறு தட்டிலேயே நெடுநேரம் கிடந்து வேகும், பாணி கறுத்துச் சுவையும் கடுமையாகும்.

மிதவையை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது, அதைக் கவனிக்கவும் வேண்டும். பெரும்பாலான மிதவைகளில் தண்டில் ஒரு திருகாணி இருக்கும், அதைத் திருப்பித்தான் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது. சீசனுக்கு முன் தண்ணீர் விட்டுச் சரிபாருங்கள். அதற்கும் முன் ரசமட்டம் வைத்து அடுப்பைச் சமப்படுத்துங்கள். ஒரு பக்கம் அரை அங்குலம் சரிந்தாலும், மிதவை இருக்கும் இடத்தில் போதிய சாறு நிற்க மறுமூலையில் குறைந்துவிடும். காய்ச்சும்போது நுரை பொங்கினால் உயரம் கண்ணுக்கே தெரியாது, மிதவையையும் ஏமாற்றிவிடும். ஒரு துளி தாவர எண்ணெய் போதும், நுரை இறங்கிவிடும். கூடினால் பாணியில் எண்ணெய் வாடை வரும். தட்டின் அடியில் படியும் மணல் போன்ற வெள்ளைப் படிவையும் விடாதீர்கள். அது தடித்தால், உயரம் சரியாக இருந்தாலும் தகடு கருகும்.

மிதவைக்குச் சாறு வரும் மேல் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று அடிக்கடி பாருங்கள். தொட்டி காலியானாலோ, இரவுக் குளிரில் குழாய் உறைந்தாலோ மிதவையால் ஒன்றும் செய்ய இயலாது. அதற்காக அடுப்பருகே ஒரு வாளி சாறு எப்போதும் இருக்கட்டும். வாளிக்கு உள்ள சரியான வேலை இதுதான். பாணி எடுக்கும்போதும் குழாயை முழுதாகத் திறந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். இல்லாவிட்டால் உயரம் திடீரென்று இறங்கும். இரவு நிறுத்துவதானால் கடைசி விறகு போட்டபின் ஓர் அங்குலம் கூடுதலாகச் சாறு விட்டுவிடுங்கள். தணல் நெடுநேரம் சுடும்.

ஒன்று யோசியுங்கள். நன்றாக ஊறும் நாளில் துளைக்கு 4 லீற்றர் வந்தாலும் 60 மரத்துக்கு 240 லீற்றர். இந்தத் தட்டில் அதைக் காய்ச்ச 8 மணிநேரம் நிற்க வேண்டும். மரங்களைக் கூட்டும் எண்ணம் இருந்தால், அடியில் மடிப்புகள் வைத்த பின்புறத் தட்டு உள்ளதைப் பாருங்கள். அதே இடத்தில் ஏறக்குறைய இரு மடங்கு ஆவியாகும்.

கேள்வி: பழைய எவாப்பரேற்றர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் மூட்டுகளைப் பாருங்கள். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய தட்டுகள் பலவற்றில் ஈயம் கலந்த பற்றாசு உண்டு. மணிக்கணக்காகக் கொதிக்கும் சாற்றில் அந்த ஈயம் இறங்கும். பிள்ளைகள் சாப்பிடப்போகிற பாணி, ஆகவே சந்தேகம் இருந்தால் வேண்டாம். வெல்டிங் செய்த துருப்பிடிக்காத எஃகு என்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம். ரசமட்டம் பார்த்து வைத்து, 2 அங்குலம் தண்ணீர் ஊற்றி, நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். நடுவில் குறைந்தால் தகடு ஒருமுறை கருகி மேலே எழும்பியிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பாணிப் பதம் பார்க்க வெப்பமானி போதுமா?

பதில்: வழிகாட்ட மட்டும் போதும். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் 4 பாகை செல்சியஸ் ஏறினால் பாணி. ஆனால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் காற்றழுத்தத்தோடு நாளுக்கு நாள் மாறும், தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். கனடாவில் விற்கும் பாணியில் குறைந்தது 66 பிரிக்ஸ் (அதாவது எடையில் ஏறக்குறைய 66 சதவீதம் சீனி) இருக்க வேண்டும். விற்கும் எண்ணம் இருந்தால் பாணியின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீற்றரும் வாங்கிவிடுங்கள்.