வாசகர் கேள்வி: மலையில் போட்ட போத்தல் கடலுக்குப் போகுமா?

கேள்வி (மஸ்கெலியா வாசகர்): கடற்கரை பிளாஸ்டிக் பற்றி எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கடலையே பார்க்காத ஆட்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் உங்கள் லயத்துக் கானிலேயே, அதாவது வரிசை வீட்டு வடிகாலிலேயே தொடங்குகிறது. கானில் போட்டது மழைக்கு மஸ்கெலி ஓயா என்ற ஆற்றுக்கு இறங்கும், அது கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது, அப்புறம் கித்துல்கல, அவிசாவளை, கடுவெல என்று ஓடி மட்டக்குளிப் பக்கம் கடலில் விழுகிறது. தலவாக்கலைக் குப்பை என்றால் கொத்மலை ஓயா, மகாவலி, கடைசியில் திருகோணமலை கொட்டியாரக்குடா. நடுவில் மவுசாக்கலை, லக்ஷபான என்று அணைகள் இருக்கிறதே என்பீர்கள். சரி, நிறைய அங்கேயே தங்கிவிடும். ஆனால் வான்கதவு திறக்கிற மழையில் மிதக்கிறதெல்லாம் கிளம்பிவிடும்.

மூடி இறுக்கின வெறும் போத்தல் மிதக்கும். மூடி கழன்றால் தண்ணீர் புகுந்து போத்தல் அடியில் போய்விடும், ஏனென்றால் போத்தல் செய்கிற பெட் (PET) பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனம். மூடி வேறு பிளாஸ்டிக், லேசானது, அது தனியாகப் பயணம் போகும். கடற்கரை மணலில் மூடிகள் அவ்வளவு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் நல்லதண்ணிப் பாதையில் சேரும் பிஸ்கட் உறையும் போத்தலும் தோட்டத்து ஆட்கள் மட்டும் போட்டதா என்ன? பழியை மட்டும் லயத்தின் தலையில் கட்டுவார்கள்.

கேள்வி (ஹட்டன் வாசகி): எரிந்த கப்பலில் இருந்து வந்த வெள்ளை மணிகள்தானே பெரிய பிரச்சினை?

பதில்: அது வேறு கதை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன, நீர்கொழும்பு மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். ஆனால் அது ஒரு விபத்து. ஆறு தினமும் கொண்டுபோகிறதே, அதற்கு யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி (பொகவந்தலாவை வாசகர்): குப்பை வண்டி வராது. எரித்துவிடலாமா?

பதில்: வேண்டாம், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் பிள்ளைதான். போத்தலை மூடியோடு சேர்த்து வையுங்கள், பழைய போத்தல் வாங்க வருகிறவர் எடுப்பார். மற்றபடி, தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தராது என்று பிரதேச சபை இனிச் சொல்ல முடியாது, 2018இல் சட்டத்தைத் திருத்தியாயிற்று. எங்கள் லயத்துக்குக் குப்பை டிராக்டர் எந்தக் கிழமை வரும் என்று உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் கடிதத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் மறந்துவிடுவார்.