கப்பல்ல ஏறக்குள்ள வைன் போத்தல் கொண்டு போகலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (களுவாஞ்சிகுடியில இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தர்): தம்பி, எங்கட மகன் டொரொண்டோவில இருக்கார். எங்கட 40ஆவது கலியாண நாளுக்கு எண்டு புளோரிடாவில இருந்து வெளிக்கிடுற ஒரு பெரிய கப்பல்ல ஏழு நாள் கரீபியன் பக்கம் போக எங்களுக்கும் சேத்து புக் பண்ணிட்டார். இவருக்கு அண்டைக்கு ராவு சாப்பாட்டோட ஒரு வைன் போத்தல் திறக்கணுமாம், அத கப்பல்ல வாங்கினா யானை விலையாம், அதால நாமளே கொண்டு போவம் எண்டு நிக்கிறார். மருமகள் கொண்டு போகலாம் எண்டுறா, பக்கத்து வீட்டில கப்பல்ல வேல செஞ்ச ஆள் ஒராள் இருக்கார், அவர் ஒரு சொட்டும் ஏத்த விடமாட்டாங்க எண்டுறார். ஆரு சொல்றது சரி? இஞ்ச இருந்து ஒரு சாராயப் போத்தலும் கொண்டு போக இவருக்கு ஆசை. நத்தாருக்கு வீட்டில போட்ட வைனும் ஒரு போத்தல் கிடக்கு.

பதில்: டீச்சர், முதல்ல உங்க ரெண்டு பேருக்கும் வாழ்த்துக்கள். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஏனெண்டா அவர் வேல செஞ்ச கம்பெனி வேறயா இருக்கும், மருமகள் பாத்த கம்பெனி வேறயா இருக்கும். எல்லாக் கப்பலுக்கும் பொதுவா ஒரு சட்டம் இல்ல, ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தானே எழுதி வெச்சிருக்கு. அதால முதல் வேலயா மகனிட்ட கப்பல்ட பேர மட்டும் கேட்டுப் போட்டு விடாதீங்க, கம்பெனிட பேரக் கேளுங்க.

புளோரிடாவில இருந்து போற கார்னிவல், ரோயல் கரீபியன் ரெண்டுலயும் முறை கிட்டத்தட்ட ஒண்டுதான்: வயசு வந்த ஒரு ஆளுக்கு 750 மில்லிலீற்றர் வைன் இல்லாட்டி ஷாம்பெய்ன் ஒரு போத்தல், சீல் உடைக்காதது, ஏறுற முதல் நாள் மட்டும். அமெரிக்காவில இருந்து வெளிக்கிடுற கப்பல்ல வயசு வந்த ஆள் எண்டா 21. அதால உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு போத்தல், மகன் மருமகளுக்கு ரெண்டு, ஆக நாலு போத்தல் கொண்டு போகலாம், நீங்க குடிக்கிறீங்களா இல்லையா எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பேரப்பிள்ளைக்கு 19 எண்டா அந்தப் பிள்ளைட கணக்குல ஏலா. நோர்வீஜியன் கம்பெனியில எத்தின வைன் போத்தலும் கொண்டு வரலாம், ஆனா ஒவ்வொரு போத்தலுக்கும் ஏறக்குள்ளயே 15 டொலர் அளவில வாங்கிருவாங்க, நீங்க அறைக்குள்ள வெச்சுக் குடிச்சாலும் காசு காசுதான். டிஸ்னி கப்பல்ல ஆளுக்கு ரெண்டு வைன் போத்தல் இல்லாட்டி ஆறு பியர், அதுவும் ஒவ்வொரு துறைமுகத்துலயும் திரும்பக் கொண்டு வரலாம், இந்த விசயத்துல அவங்கதான் தாராளம். எம்எஸ்சி எண்டா வெளிய இருந்து குடிக்கிற சாமான் ஒண்டும் ஏலா, உங்கட பக்கத்து வீட்டு ஆள் அந்த மாதிரிக் கப்பல்லதான் நிண்டிருப்பார்.

இப்ப ஐயா சொல்ற விலைக் கதைக்கு வருவம், நான் நெடுக எழுதணும் எண்டு நினைக்கிற இடமே இதுதான். கனபேர் போத்தல் ஏத்த விடுவாங்களா எண்டு மட்டும்தான் கேக்கிறாங்க, அத எங்க வெச்சுத் திறக்கப் போறம் எண்டு யோசிக்கிறதில்ல. நீங்க கொண்டு போன போத்தல சாப்பாட்டு மண்டபத்துக்கு எடுத்துட்டுப் போனா, திறந்து கிளாஸ்ல ஊத்தித் தாறதுக்கு எண்டு ஒரு கட்டணம் எடுப்பாங்க, அதுக்குப் பேர் கோர்க்கேஜ், கார்னிவல்ல அது போத்தலுக்கு 15 டொலர். உங்கட அறையில இல்லாட்டி பல்கனியில இருந்து குடிச்சா அந்தக் காசு இல்ல. புளோரிடா கடையில 12 டொலருக்கு ஒரு நல்ல போத்தல் வாங்கினீங்க எண்டு வைங்க, அறையில திறந்தா 12 டொலரோட முடிஞ்சுது, சாப்பாட்டு மேசையில திறந்தா 27 டொலர். கப்பல்ட மெனுவுல 40 டொலர் போட்டிருக்கிற போத்தல் ஒண்ட வாங்கினா அதுக்கு மேல 18 வீதம் சேவைக் கட்டணம் தானாவே சேரும், அது 47 டொலரத் தாண்டிரும், சில கம்பெனியில 20 வீதம். ஆக ஐயா சொல்றது சரி, கொண்டு போனாத்தான் மிச்சம், மேசையில திறந்தாலும் மிச்சம். ஆனா 30, 35 டொலருக்கு கடையில வாங்கிக் கொண்டு போய் அதுக்கு மேல 15 கட்டினீங்க எண்டா மிச்சம் எண்டு ஒண்டும் பெரிசா இல்ல, அண்டைக்கு கப்பல் மெனுவுல பாத்து ஒண்டச் சொல்லிட்டு நிம்மதியா இருக்கலாம். என்ட கருத்து, ரெண்டு போத்தல் கொண்டு போங்க, ஒண்ட கலியாண நாள் ராவு மேசையில கட்டணத்தக் கட்டித் திறங்க, அது வாழ்க்கையில ஒரு தரம் வாற நாள், 15 டொலரப் பாக்காதீங்க. மற்றத பல்கனியில கடலப் பாத்துட்டுத் திறங்க. மேசையில மிஞ்சினா கொட்ட விடாதீங்க, உங்கட அறை நம்பரப் போட்டு அடுத்த நாள் ராச்சாப்பாட்டுக்கு எடுத்து வெச்சுத் தருவாங்க, கேட்டாக் காணும்.

எங்க வாங்கிற எண்டா, புளோரிடாவிலதான். இஞ்ச வைன் ஸ்டோர்ஸ்ல வெளிநாட்டு வைன் வரியோட விக்கிற விலைக்கு அத வாங்கி ரெண்டு பிளேன் மாத்தித் தூக்கிட்டுப் போறது வீண் வேல. புளோரிடாவில சாதாரண சூப்பர்மார்க்கெட்லயே வைன் இருக்கு. மூடி திருகித் திறக்கிற போத்தலாப் பாத்து எடுங்க, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா வைன் கனக்க அப்படித்தான் வருது, கோர்க் திறக்கிற ஆணியத் தேடி அலைய வேண்டியதில்ல. கடதாசிப் பெட்டியில வாற வைன் வாங்க வேணாம், அத ஏத்த விடமாட்டாங்க.

இன்னொண்டு, போத்தல் கையில கொண்டு போற பேக்ல இருக்கணும். துறைமுகத்துல போர்ட்டர்மாரிட்ட குடுக்கிற பெரிய சூட்கேஸுக்குள்ள வெச்சீங்க எண்டா அது எக்ஸ்ரேயில தெரியும், சூட்கேஸ நிப்பாட்டி வெச்சிருவாங்க, நீங்க சாறிய மாத்துறதுக்கு பெட்டி வரும் வரும் எண்டு பாத்துட்டு இருக்க, அது கீழ செக்கியூரிட்டியில கிடக்கும். போத்தலும் போயிரும்.

சாராயத்த மறந்திருங்க டீச்சர், கப்பலுக்கு ஏலா. வைனுக்குத்தான் இந்தச் சலுக, சாராயம், விஸ்கி, ரம் எண்டு கடும் மதுவுக்கு இந்தக் கம்பெனி ஒண்டுலயும் இடமில்ல. ஆனா ஐயாட ஆசைய நிறைவேத்த வழி இருக்கு: அத மகன்ட வீட்டுக்குக் கொண்டு போங்க. கனடாவுக்கு ஒரு ஆள் 1.14 லீற்றர் வரைக்கும் கடும் மது வரி இல்லாமக் கொண்டு போகலாம், ஒரு 750 போத்தல் அதுக்குள்ள தாராளமா வரும். (அந்தக் கணக்குல சாராயம் இல்லாட்டி வைன், ரெண்டும் சேத்து இல்ல.) பிளேன்ல பெரிய சூட்கேஸுக்குள்ள வெய்யுங்க, கடையில வாங்கின மாதிரியே சீலோட, உடுப்புக்கு நடுவுல சுத்தி. 24 வீதத்துக்கு மேல 70 வீதம் வரைக்கும் அற்ககோல் இருக்கிற மது ஆளுக்கு 5 லீற்றர் வரைக்கும் விமானத்துல ஏத்தலாம், சாராயம் அதுக்குள்ளதான். போயா அண்டைக்கு வாங்கப் போகாதீங்க, கடை பூட்டு.

வீட்டில போட்ட வைன் கப்பல்ல ஏறாது. கம்பெனி சீல், லேபிள் இல்லாத போத்தலுக்குள்ள என்ன இருக்கு எண்டு அவங்களுக்குத் தெரியாது, எறிஞ்சிருவாங்க. உங்கட கையால போட்டத எறியக் குடுக்க மனம் வராது, அத இஞ்சயே வீட்டுச் சனத்தோட குடிச்சு முடிங்க.

ஆராவது மவுத்வாஷ் போத்தலுக்குள்ள, தண்ணிப் போத்தலுக்குள்ள ஊத்திக் கொண்டு போகலாம் எண்டு யோசன சொன்னா தயவுசெய்து கேக்காதீங்க. அது புது ஐடியா இல்ல, வாசல்ல நிக்கிறவங்க ஒவ்வொரு நாளும் அதப் பாக்கிறாங்க, பிடிச்சா ஏற விடாமத் திருப்பி அனுப்பவும் கம்பெனிக்கு உரிமை இருக்கு. மகன் கட்டின காசு, உங்கட விசா, அவ்வளவு தூரப் பயணம் எல்லாத்தையும் ஒரு கால் போத்தலுக்காகப் பணயம் வெக்க வேணாம்.

கேள்வி (கல்லடியில இருந்து): அண்ணே, நான் கட்டார்ல வேல செய்றன். கூட வேல செய்யிற ஆக்களோட வளைகுடாவுல ஒரு எம்எஸ்சி கப்பல்ல போக இருக்கம். இடையில துபாய்ல இறங்கக்குள்ள டியூட்டி ஃப்ரீயில ரெண்டு போத்தல் வாங்கி கப்பல்ல ஏத்தி, முடிஞ்சு வரக்குள்ள ரூமுக்குக் கொண்டு வரலாமா?

பதில்: வேணாம் தம்பி. மேல சொன்ன மாதிரி எம்எஸ்சியில வெளிய வாங்கின மதுவ அறைக்குக் கொண்டு போக ஏலா. இடையில துறைமுகத்துல வாங்கினா வாசல்ல எடுத்து, துண்டு ஒண்டத் தந்து, பயணம் முடியிற கட்டத்துலதான் திருப்பித் தருவாங்க. அப்ப நீங்க இறங்கிற இடம் தோஹா எண்டா அந்தப் போத்தலோட எங்க போறது? கட்டாருக்குள்ள மது கொண்டு போறதுக்கே தடை. கப்பல்காரன் தந்தாலும் சுங்கத்துல பறிபோகும், பறிபோறதோட நிண்டாச் சரி, உங்கட வேலையும் விசாவும் அதுக்குள்ள மாட்டக் கூடாது. சவூதியும் குவைத்தும் அப்படித்தான். வீட்டில உங்கட காச நம்பி எத்தின பேர் இருக்காங்க எண்டு யோசிச்சுப் பாருங்க. குடிக்கிறதெண்டா கப்பல்ல கிளாஸ் கணக்குல வாங்கிக் குடிச்சிட்டு வெறுங்கையோட இறங்குங்க.

கேள்வி (அக்கரைப்பற்றில இருந்து): நாங்க வாப்பா, உம்மா, நான், மாப்பிள்ள நாலு பேரும் குடிக்கிற ஆக்கள் இல்ல. கப்பல்ல போறதுக்கு ஏஜென்ட் ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் (குடிக்கிற சாமானுக்கு மொத்தமா முன்னாடியே காசு கட்டுறது) எல்லாரும் கட்டாயம் எடுக்கணும் எண்டு சொல்றார், அது மெய்யா?

பதில்: இல்ல தங்கச்சி, அத அப்படியே நம்பி காசு கட்டிராதீங்க. ரோயல் கரீபியன், கார்னிவல் மாதிரிக் கம்பெனியில இருக்கிற சட்டம் என்னெண்டா, ஒரு அறையில இருக்கிற ஒராள் மதுப் பேக்கேஜ் வாங்கினா அதே அறையில இருக்கிற மற்றப் பெரிய ஆக்களும் வாங்கணும், ஒராள் வாங்கி நாலு பேர் பகிர்ந்து குடிக்கிறத நிப்பாட்டத்தான் அது. ஒராளும் வாங்காட்டி கட்டாயம் எண்டு ஒண்டுமே இல்ல. தண்ணி, சாதாரண தேத்தண்ணி, கோப்பி, காலையில சாப்பாட்டோட ஜூஸ் இதெல்லாம் டிக்கெட் காசுக்குள்ளயே வரும். சோடா, மொக்டெயில் பிள்ளையள் மாதிரி ஆசைப்பட்டா மது இல்லாத பேக்கேஜ் தனிய இருக்கு, விலையும் நல்லாக் குறைவு. கார்னிவல்ல ஏறுற நாள்ல ஆளுக்கு 12 சின்ன சோடா டின் நீங்களே கொண்டு போகலாம், பிளாஸ்டிக் போத்தல் ஏலா, டின் இல்லாட்டி கடதாசிப் பெட்டிதான். ஏஜென்டிட்ட ஒரு வேல செய்யுங்க, கட்டாயம் எண்டு கம்பெனி எங்க எழுதியிருக்கு எண்டு ஈமெயில்ல அனுப்பச் சொல்லுங்க. வாயால சொல்றவர் எழுதித் தரமாட்டார் எண்டா அந்தப் பேக்கேஜ பில்லுல இருந்து எடுக்கச் சொல்லுங்க, எடுக்காட்டி வேற ஆளப் பாருங்க. ஹலால் சாப்பாட்டுக்கும் இப்பவே எழுத்துல கேட்டு வெய்யுங்க, ஏறினாப் பொறகு கேட்டா லேட்.

உம்மா ராவைக்கு பிளேன்டீ ஊத்தக் கேத்தல் கொண்டு போகணும் எண்டு நிப்பா, எல்லா உம்மாமாரும் அப்படித்தான். கேத்தல், அயன் பொக்ஸ் ரெண்டும் பெரும்பாலான கப்பல்ல தடை, நெருப்புப் பயம். வீட்டில செஞ்ச சாப்பாடும் ஏத்த விடமாட்டாங்க, சீல் போட்ட பிஸ்கட் பக்கட் மாதிரி எண்டாப் பரவாயில்ல.

கேள்வி (செங்கலடியில இருந்து): சென்னையில இருந்து வெளிக்கிட்டு நம்மட நாட்டுப் பக்கம் வந்து போற கப்பல்ல போத்தல் கொண்டு போகலாமா?

பதில்: 2023இல கோர்டேலியா கப்பல் சென்னையில இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எண்டு வரத் தொடங்கினது, அதத்தான் கேக்கிறீங்க எண்டு நினைக்கிறன். அதுல வெளி மது ஏலா, வைனும் ஏலா. உள்ள பார் இருக்கு.

கேள்வி (வாழைச்சேனையில இருந்து): கப்பல்ல இருக்கிற கடையில வாங்கிற போத்தல உடன குடிக்கலாமா, ஊருக்கும் கொண்டு வரலாமா?

பதில்: உடன குடிக்க ஏலா. கடையில காசக் கட்டினாப் பொறகும் போத்தல அவங்களே வெச்சிருந்து கடைசி நாள் ராவு இல்லாட்டி இறங்கிற அண்டைக்குத் தருவாங்க. பில்லப் பத்திரமா வெய்யுங்க. கையில கிடைச்ச உடன பெரிய சூட்கேஸுக்குள்ள மாத்திருங்க, ஏனெண்டா கப்பலால இறங்கி எயார்போர்ட் போனா அது 100 மில்லிலீற்றருக்கு மேல இருக்கிற திரவம், கைப்பேக்கோட செக்கியூரிட்டியத் தாண்டாது. விமான நிலைய டியூட்டி ஃப்ரீயில தாற மாதிரி ஒட்டின பிளாஸ்டிக் பை கப்பல்காரன் தரமாட்டான். சூட்கேஸ ஒப்படைக்கிறதுக்கு முதல் போத்தல மாத்திட்டீங்களா எண்டு ஒருக்காப் பாருங்க, எயார்போர்ட் குப்பைத் தொட்டியில சனம் விட்டுட்டுப் போற போத்தல் கனக்க இப்படி வந்ததுதான்.