திருத்தப் பதிவேட்டில் நேரத்தையும் எழுதுங்கள்

கேள்வி: சிறிய செய்தி நிறுவனம் ஒன்றில் செய்தி ஆசிரியராக இருக்கிறேன். சில மாதங்களாக அடிக்கடி திருத்தம் வெளியிட நேர்கிறது, அனுபவசாலிகளும் விலகுகிறார்கள். ஊழியர் நலனுக்குச் செலவிட்டால் செய்தியின் தரம் உயரும் என்று நிர்வாகத்துக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: ‘நலன்’ என்றதும் நிர்வாகத்துக்கு ஆண்டு விழாவும் யோகா வகுப்பும்தான் நினைவுக்கு வரும். பேச்சை அந்தப் பக்கம் போகவிடாமல், திருத்தங்களில் தொடங்குங்கள். கடந்த மூன்று மாதத் திருத்தங்களை எடுத்து, பிழை நேர்ந்தபோது எழுதியவர் எவ்வளவு நேரமாகப் பணியில் இருந்தார், முந்தைய ஷிப்டு எப்போது முடிந்தது, அது அன்றைய எத்தனையாவது செய்தி என்று ஒரு பதிவேட்டில் குறியுங்கள். பெயர் வேண்டாம். பெயர் நுழைந்தால் அது விசாரணையாகிவிடும். யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் அளவுக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பல நாடுகளில் அந்த அளவு மதுவுடன் வண்டி ஓட்டவே கூடாது. ஆனால் அதே நிலையில் இருப்பவரைச் செய்திப் பக்கத்தை முடிக்கச் சொல்கிறோம்! ஐரோப்பிய ஒன்றியத்தின் பணிநேர விதி, 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. இரவுப் பணி முடித்தவரைக் காலைக் கூட்டத்துக்கு அழைக்காமல் இருக்கப் பணம் தேவையில்லை.

அடுத்தது ஊதியம். செய்திக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்தால், தகவலைச் சரிபார்க்கச் செய்யும் இரண்டாவது தொலைபேசி அழைப்பு எழுதுபவருக்கு நஷ்டம். வந்த செய்திக்குறிப்பே தலைப்பு மாறி வெளியாகும். பயணப்படி கொடுக்காவிட்டால், செய்தியாளர் நிகழ்ச்சி ஏற்பாட்டாளரின் வாகனத்தில் போவார். திரும்பும் வழியில் அவரிடம் சங்கடமான கேள்வி கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அனுபவசாலி விலகும்போது, அவரை நம்பிப் பேசியவர்களும் கைவிட்டுப் போகிறார்கள். அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

வன்முறைக் காட்சிகளை நாள் முழுதும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் டெஸ்க் ஊழியர்களை மறந்துவிடாதீர்கள். களத்துக்கே போகாதவர்களையும் அது பாதிக்கிறது. ஒலியை நிறுத்திப் பார்ப்பதும் ஆட்களைச் சுழற்சியில் மாற்றுவதும் உடனே செய்யக்கூடியவை.

நான் முதலில் கேட்பது வேறொன்று: நேர்மையாக எழுதிய செய்திக்கு வழக்கு வந்தால் வழக்கறிஞர் செலவை நிறுவனமே ஏற்கும் என்ற எழுத்துபூர்வ உறுதி. அது இல்லாத இடத்தில் செய்தியாளர் தானே தன்னைத் தணிக்கை செய்துகொள்வார். திருத்தப் பதிவேட்டில் அது தெரியாது.

நலன் எல்லாவற்றையும் சரிசெய்யாது. பயிற்சியில்லாதவர் நன்றாகத் தூங்கி எழுந்தும் தவறாக எழுதலாம். ஆகவே பெரிய திட்டம் கேட்காமல், ஓய்வு விதியையும் பயணப்படியையும் மூன்று மாதம் பரீட்சார்த்தமாகக் கேளுங்கள். பிறகு அதே பதிவேட்டை மறுபடி நிரப்பி, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் நிர்வாகத்தின் முன் வையுங்கள்.