மகள் நிலக்கரித் தீயைப் படிக்கட்டும், அண்ணாச்சி

அண்ணாச்சி, உங்கள் மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. வேதியியல் முடிக்கப் போகிறாள். நிலக்கரி தானாகத் தீப்பிடிப்பதை வேதிப்பொருள் கொண்டு தடுக்கும் ஆராய்ச்சியில் சேர ஆசைப்படுகிறாள். "பெண் பிள்ளை சுரங்கத்தில் இறங்குவதா?" என்று பதறுகிறீர்கள். அவள் வேலை ஆய்வுக்கூடத்தில்தான். நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் பகல் நேரத்தில் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகள் செய்யவும் 2019 முதல் அனுமதி உண்டு.

இந்தத் துறையை அவள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல இழுத்துக்கொள்ளும்போது வெப்பம் பிறக்கிறது. குவியலின் நடுவில் அது வெளியேற வழியின்றித் தேங்குகிறது. சூடு ஏற ஏற வினை வேகமெடுத்து, கடைசியில் தீயாகிறது. ஜார்க்கண்டின் ஜாரியாவில் 1916 முதல் பூமிக்கடியில் நிலக்கரி எரிகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? தூத்துக்குடி அனல்மின் நிலையத்து நிலக்கரிக் குவியலுக்கும் இதே அபாயம் உண்டு.

கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கரைசல்களைத் தெளிப்பது பழைய முறை. இந்த உப்புகள் ஈரத்தைப் பிடித்துவைத்து, ஆக்சிஜன் நிலக்கரியைத் தொடாமல் மறைக்கின்றன. ஈரம் காய்ந்தால் பலன் குறைந்துவிடும். குளோரைடு இரும்பையும் அரிக்கும். ஆகவே வினைத்தொடரையே இடையில் அறுக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைத் தேடுகிறார்கள். உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

வழியைச் சொல்கிறேன். ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. வேதியியல் சேரட்டும். 1926இல் சுரங்கக் கல்விக்கென்றே தொடங்கிய, ஜாரியாவை அடுத்துள்ள தன்பாத் நிறுவனம் இன்று ஐ.ஐ.டி., அங்கே சேரலாம்; சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சிக்கான மத்திய நிறுவனமும் அதே ஊரில்தான். பிறகு நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் முனைவர் பட்ட ஆய்வுக்கான இளநிலை ஆய்வு நிதி கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும். உங்களிடம் கைநீட்ட வேண்டியிராது.

தீத்தடுப்பான் ஆராய்ச்சியை மட்டும் நம்பினால் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நிலக்கரிப் பகுப்பாய்வு கைவந்தவரை அனல்மின் நிலைய ஆய்வகமும் சிமென்ட் ஆலையும் பயன்படுத்திக்கொள்ளும். நம் தாழையூத்து சிமென்ட் ஆலை உங்களுக்குத் தெரியாததா?

ஜாம் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். அதுவரை வினைகளின் வேகத்தைப் பேசும் வினைவேகவியலையும் வெப்ப இயக்கவியலையும் ஊன்றிப் படிக்கச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சை இந்த ஆண்டு எடுக்காதீர்கள், அண்ணாச்சி.